நாலு நாள் கூலியை விழுங்கிய இரண்டு சட்டையும் ஒரு ஜாக்கெட்டும்

டெலிவரி நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கு,

சீசன் வேலைக்கு மறுபடி ஆள் எடுப்பதாக உங்களிடமிருந்து என் போனுக்கு மெசேஜ் வந்தது. அதன் அடியிலேயே ஒரு புது விதியும் இருந்தது. கடைசி வேலை நாளிலிருந்து 48 மணி நேரத்துக்குள் யூனிஃபார்ம் முழுவதையும் துவைத்து, இஸ்திரி போட்டு ஒப்படைக்க வேண்டும். தவறினால் முழு விலையும் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஒப்படைப்பு உறுதியாகும்வரை கணக்கு முடிக்கப்படாது. போன சீசனில் இதை எழுதாமலே செய்தீர்கள். இப்போது எழுத்திலேயே வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு மூன்று சீசன் பார்சல் சுமந்தவள். கடைசியாகச் சுமந்தது 38 நாள். அந்த 38 நாளில் என் கையில் ஒரு பார்சல்கூடத் தொலையவில்லை. உங்கள் ஆப்பில் அந்தப் பதிவு இருக்கும். (சீசன் முடிந்த அன்றே என்னை ஆப்பிலிருந்து வெளியேற்றிவிட்டீர்கள், என்னால் பார்க்க முடியாது. நீங்கள் பார்க்கலாம்.) எல்லாம் முடிந்து வந்த பேஸ்லிப்பில், பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி இருந்தது. டி-ஷர்ட் ஒன்று, மாற்றம் செய்யப்பட்டது, முழு விலை. டி-ஷர்ட் ஒன்று, நிறம் மங்கல், முழு விலை. ஜாக்கெட் ஒன்று, பெறப்படவில்லை, முழு விலை. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். என் நாலு நாள் கூலி.

ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிறேன். பிடிப்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முதல் சட்டை. சேர்ந்த அன்று யூனிஃபார்ம் கொடுத்த மேசையில் எக்ஸ்எல்லும் டபுள் எக்ஸ்எல்லும்தான் கிடந்தன. எனக்கு மீடியம் போதும். கேட்டேன். "சீசன் ஆளுங்களுக்கு வந்ததே இவ்வளவுதான், போட்டுக்கோங்க" என்றார்கள். ஆண்களின் அளவுக்குத் தைத்த எக்ஸ்எல் சட்டையை நான் போட்டால் தோள் தையல் பாதிக் கையில் தொங்கும். குனிந்தால் கழுத்து தொப்பென்று முன்னால் விழும். டெலிவரி வேலையில் குனியாமல் எதைச் செய்வது? இரண்டாம் நாள் ஒரு வீட்டு வாசலில் பெட்டியை இறக்கக் குனிந்தபோது, எதிரே நின்றவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நல்ல மனிதர். எல்லோரும் திருப்பிக்கொள்வதில்லை.

அன்றிரவே இரண்டு பக்கத் தையலையும் உள்ளே மடித்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டேன். கத்திரிக்கோல் வைக்கவில்லை. ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் வந்துவிடும், இரண்டு நிமிடத்தில் சட்டை பழையபடி எக்ஸ்எல். கழுத்துக்கு ஒரு ஊக்கு. இதற்குத்தான் உங்கள் ஏட்டில் 'மாற்றம் செய்யப்பட்டது' என்று பெயர். அளவான சட்டை தராதது யார் தவறு என்பதற்கு அந்த ஏட்டில் வரி இல்லை, ஊசி நூல் எடுத்ததற்கு இருக்கிறது. ஒப்படைக்கும் முன் தையலைப் பிரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிரித்திருக்கலாம்தான். அது குற்றமென்று அப்போது தெரியாது.

இரண்டாவது சட்டை. 38 நாளுக்கு நீங்கள் தந்தது இரண்டே சட்டை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். வீட்டுக்கு வரும்போது இரவு பத்தரை ஆகியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையை அலசிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்துவிடும். காலையில் காய்ந்திராது. மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் விரித்துப் போட்டு, பாதி ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்த நாட்கள் நிறைய. ஒரு சட்டைக்கு 19 துவைப்பு. அதற்கு மேல் வெயில். அதற்கும் மேல், இடது தோளில் பையின் பட்டை ஏறி இறங்கி உரசிய தடம். அந்தத் தடம்தான் நீங்கள் கண்ட மங்கல். வெயிலில் அலைகிறவர் சட்டை மங்கத்தான் செய்யும். மங்காமல் திரும்பி வந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும், இவர் வேலைக்கு வந்தாரா என்று.

சொல்லப்போனால், அந்தச் சட்டை என்னிடம் வந்தபோதே புதிது இல்லை. கழுத்துக்கு உள்பக்கம், அளவு அச்சிட்ட துணித் துண்டில், பேனாவால் இரண்டு பெயர்களை எழுதி அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே என் பெயரை எழுதச் சொன்னார்கள். இடம் போதாமல் பொடி எழுத்தில் எழுதினேன்.

போன வாரம், இந்த சீசனுக்கு உங்களிடம் சேர்ந்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு பெண் போட்டோ ஒன்றை அனுப்பி, "அக்கா, இது நீங்களா?" என்று கேட்டாள். அதே துண்டு, என் பொடி எழுத்து. அதன் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே, துண்டை விட்டு இறங்கிச் சட்டைத் துணியிலேயே, அவள் பெயர்.

முழு விலை பிடித்த பிறகு அந்தச் சட்டை யாருடையது? என்னுடையது என்றால், என்னைக் கேட்காமல் அதை எப்படி இன்னொருவருக்குக் கொடுத்தீர்கள்? உங்களுடையது என்றால், என் பணம் எதற்காகப் போனது? பயன்படுத்த முடியாத அளவு மங்கிய சட்டையை இன்னொரு பெண்ணுக்கு எப்படி மாட்டினீர்கள்? எனக்கு முன்னால் பெயர் எழுதிய இருவரிடமும் பிடித்தீர்களா என்பது உங்கள் கணக்குப் புத்தகத்துக்குத்தான் வெளிச்சம். அவளிடமும் பிடிக்கப்போகிறீர்களா என்பதை நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது, ஜாக்கெட். இருட்டில் வண்டி விளக்குப் பட்டால் மின்னும் பட்டை வைத்த நல்ல ஜாக்கெட், குறை சொல்ல மாட்டேன். கடைசி நாள் ஷிஃப்ட் முடிந்தபோது இரவு ஒன்பதரை. யூனிஃபார்ம் வாங்கும் கவுன்ட்டர் ஐந்து மணிக்கே மூடிவிடும். மறுநாள் எல்லாவற்றையும் துவைத்து உலர்த்தி மடித்துப் பையில் போட்டு, அதற்கடுத்த நாள் காலை ஹப்புக்குப் போனேன். கவுன்ட்டரே இல்லை. சீசன் முடிந்ததும் அந்த மேசையை எடுத்துவிட்டார்களாம். சூப்பர்வைசருக்கு போன் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். அவரும் சீசன் ஆள்தான், அவருடைய 'கடைசி நாளும்' முடிந்திருந்தது.

கடைசியில் வாசல் செக்யூரிட்டி பெரியவர்தான் இரக்கப்பட்டார். "குடும்மா, நான் எழுதிக்கிறேன்" என்று பையை வாங்கி, வண்டி நம்பர் எழுதும் நோட்டில் எழுதிக்கொண்டார்: சட்டை இரண்டு, ஜாக்கெட் ஒன்று, தொப்பி ஒன்று, பை ஒன்று, ஐடி கார்டு ஒன்று. என் கையெழுத்தையும் வாங்கினார். உங்கள் நிறுவனம் மொத்தத்திலும் முறையாக ஒரு ஒப்படைப்புப் பதிவு செய்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். விசாரணை என்ற பெயரில் தயவுசெய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர் மேல் எனக்குப் புகார் கிடையாது.

போட்டோவை அனுப்பிக் கேட்டதற்கு, ஆப்பில் உள்ள ஒப்படைப்புப் படிவத்தை நான் நிரப்பவில்லை, ஆகவே ஜாக்கெட் பெறப்பட்டதாகக் கொள்ள முடியாது என்று பதில் வந்தது. கடைசி நாள் நள்ளிரவு பன்னிரண்டுக்கு என் லாகினை முடக்கிவிட்டீர்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து கையெழுத்துப் போடு என்கிறீர்கள். இன்னொன்று. சட்டை இரண்டும் உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததால்தானே ஒன்றில் தையலையும் ஒன்றில் மங்கலையும் கண்டீர்கள்? அதே பையில், அதே மடிப்புக்குள் இருந்த ஜாக்கெட் மட்டும் எப்படி வராமல் போகும்?

யாரிடம் கேட்பது என்பதே தனிப் போராட்டம். சட்டை நெஞ்சில் இருப்பது உங்கள் பெயர். வேலைக் கடிதத்தில் இருப்பது ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் பெயர். ஏஜென்சியைக் கேட்டால், பிடிக்கச் சொன்னது கம்பெனி என்கிறார்கள். உங்களைக் கேட்டால், சம்பளம் கொடுப்பது ஏஜென்சி என்கிறீர்கள். பந்து இரண்டு பேர் காலிலும் மாறி மாறிப் போகிறது, பணம் மட்டும் ஒரே பக்கம் நிற்கிறது.

உங்கள் தரப்புக் காரணம் எனக்குத் தெரியும், அதை நான் மறுக்கவும் இல்லை. இந்தச் சட்டையைப் பார்த்துத்தான் ஜனங்கள் கதவைத் திறக்கிறார்கள். பெயர்கூடக் கேட்காமல் ஓடிபி சொல்கிறார்கள். தவறான ஆள் கையில் இது கிடைத்தால் ஒரு வீட்டுக்குள் நுழைய வேறு எதுவும் தேவையில்லை. அதனால் திரும்ப வாங்க வேண்டும் என்கிறீர்கள். சரிதான். தனியாக இருக்கும் பெண்கள் என்னிடமே கதவைத் திறந்திருக்கிறார்கள், அந்த நம்பிக்கையின் எடை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கவலை உண்மையானது என்றால், யார் எதைத் திருப்பித் தந்தார், யார் தரவில்லை என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளத்தானே முதலில் பார்ப்பீர்கள்? என்னோடு சேர்ந்த ஒரு பையன் முதல் வாரத்திலேயே முழங்கால் வலி தாங்காமல் நின்றுவிட்டான். அவன் சட்டை இன்றைக்கும் அவனிடம்தான் இருக்கிறது. விலையைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டீர்கள். ஒரு போன்கூடப் போகவில்லை. பணம் பிடித்ததும் அந்தச் சட்டையால் வரும் ஆபத்து தீர்ந்துவிட்டதா? சட்டை வெளியே இருக்கிறது, கூலி உள்ளே இருக்கிறது. இதைப் பாதுகாப்பு விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் பல நாடுகளில் தொழில் செய்கிறவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் உங்களிடம் நிறையப் பேர் இருப்பார்கள். இருந்தாலும் நான் தேடிப் படித்ததை எழுதிவைக்கிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் அளவுக்கு மேல் கூலியில் கைவைக்கக் கூடாது என்கிறது. பிடித்தத்தின் நிபந்தனைகளைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியாவில் 1936-இன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, ஒப்படைத்த பொருளின் இழப்புக்கோ சேதத்துக்கோ பிடிப்பதானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், உண்மையான நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, பிடிக்கும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நஷ்டத்தின் அளவும் விளக்கம் சொல்லும் வாய்ப்பும், அதற்குப் பதிலாக வந்த 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கின்றன. மூன்று பேர் போட்டுத் தேய்த்த சட்டைக்குப் புதுச்சட்டை விலையை உண்மையான நஷ்டம் என்று எந்தக் கணக்காளர் எழுதித் தருவார்?

அமெரிக்காவில், 1938-இன் நியாயமான உழைப்புத் தரச் சட்டப்படி, முதலாளி போடச் சொல்லும் யூனிஃபார்மின் செலவு தொழிலாளியின் கூலியைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இழுக்கக் கூடாது. கலிஃபோர்னியா இன்னும் கறார். அங்கே யூனிஃபார்மின் சாதாரணத் தேய்மானத்துக்கு எதையும் பிடிக்க முடியாது. வேலையிலிருந்து நிறுத்தியவரின் கடைசிச் சம்பளத்தை வேண்டுமென்றே இழுத்தடித்தால், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி என்று முப்பது நாள் வரை முதலாளி தண்டம் கட்ட வேண்டும். இவ்வளவு ஏன், பிரிட்டனில் 1896-இலேயே, சேதத்துக்குக் கூலியில் பிடிப்பதானால் அது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், நியாயமான தொகையாக இருக்க வேண்டும், பிடித்ததன் விவரத்தை எழுதித் தர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் பார்சல் போகாத காலம் அது. எனக்கு 'நிறம் மங்கல்' என்று இரண்டே வார்த்தை வந்தது.

இதில் எந்தச் சட்டம் எந்த ஊரில் என்னைக் காக்கும் என்று வாதாட எனக்கு வசதியில்லை, வக்கீலும் இல்லை. அது தெரிந்துதான் தொகையை நாலு நாள் கூலியோடு நிறுத்தியிருக்கிறீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது. நாலு நாள் கூலிக்காக ஐந்து நாள் வேலையை விட்டு அலுவலகம் அலுவலகமாக ஏற யாரால் முடியும்?

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதம் பிடித்தம் என்றால் அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு அடுத்த மாதம் கிடையாது. சீசன் ஆளுக்கு கடைசிச் சம்பளம் என்பது, அடுத்த வேலை கிடைக்கும்வரை ஓட்ட வேண்டிய காசு. நீங்கள் 'ஒப்படைப்பு உறுதியாகும்வரை' என்று நிறுத்தி வைத்த 23 நாளில் நான் இரண்டு பேரிடம் கடன் வாங்கினேன். சட்டைக்காக நிறுத்தியது சட்டையின் விலையை மட்டும் அல்ல, 11 நாள் கூலியை மொத்தமாக. சட்டை வராவிட்டால் சட்டைக் கணக்கு இருக்கட்டும். வெயிலில் நின்று சம்பாதித்த மீதிக் கூலி என்ன பாவம் செய்தது?

துவைத்து, இஸ்திரி போட்டு என்ற வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 38 நாளும் என் தண்ணீரில், என் சோப்பில், என் தூக்கத்தில் துவைத்தேன். அதற்கு ஒரு காசு கேட்கவில்லை. வேலை முடிந்து கூலியும் நின்ற பிறகு, உங்கள் பொருளுக்கு நான் இஸ்திரி போட வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம்.

இனி நான் கேட்பவை.

சீசன் ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அந்தப் புது விதியைத் திரும்பப் பெறுங்கள். யூனிஃபார்ம் கணக்கையும் கூலிக் கணக்கையும் பிரியுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் செய்த வேலைக்கான கூலி முழுவதும் கைக்கு வர வேண்டும், சட்டை வந்தாலும் வராவிட்டாலும்.

கொடுக்கும்போதே ஒவ்வொரு பொருளின் நிலையையும் எழுதி, புதிதா, எத்தனையாவது ஆள் போடுவது என்று குறித்து, ஒரு நகலை எங்கள் கையில் தாருங்கள். வாங்கும்போது ரசீது தாருங்கள். தாளில் இரண்டு வரி போதும், செக்யூரிட்டி பெரியவருக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா? கடைசி ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், முடிகிற இடத்திலேயே வாங்கிக்கொள்ள ஒரு ஆளை நிறுத்துங்கள். அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுச் சட்டையில் போய்விடுவோம், 48 மணி நேர விதியே தேவைப்படாது. ஆப்தான் ஆதாரம் என்றால், ஒப்படைப்பு முடியும்வரை லாகினைத் திறந்து வையுங்கள். துவைப்பது உங்கள் செலவு.

தேய்மானத்துக்கும் மங்கலுக்கும் பிடிக்காதீர்கள். உண்மையாகவே தொலைந்தது, வேண்டுமென்றே கிழித்தது என்றால் கேளுங்கள். ஆனால் முதலில் எங்களிடம் கேளுங்கள், பழைய துணிக்குப் பழைய துணியின் விலையைக் கேளுங்கள். பெண்களின் அளவில் சட்டை வாங்குங்கள். இதை ஒரு கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன சீசனில் யூனிஃபார்ம் பெயரில் யார் யாரிடம் எவ்வளவு பிடித்தீர்கள் என்ற பட்டியலை எடுத்து, இந்த மாத முடிவுக்குள் திருப்பிக் கொடுங்கள். ஏஜென்சியைக் கேளுங்கள் என்று பதில் வேண்டாம், சட்டையில் இருப்பது உங்கள் பெயர். 'யூனிஃபார்ம் பாக்கி' என்று எங்கள் பெயர்களுக்கு நேரே போட்டு, மறுபடி வேலைக்கு எடுக்கத் தகுதியில்லை என்று வைத்திருக்கும் குறியையும் நீக்குங்கள். எனக்கு அந்த மெசேஜ் தவறுதலாக வந்திருக்கிறது, விண்ணப்பித்தபோதுதான் அந்தக் குறி இருப்பதே தெரிந்தது.

என் நாலு நாள் கூலியையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். சட்டையைத் திரும்பக் கேட்கவில்லை. அதைப் போட்டிருக்கும் பெண்ணுக்கு மட்டும் வேறு ஒன்று, மீடியம் அளவில், கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்தச் சட்டையின் கழுத்தில் மூன்றாவதாகப் பெயர் எழுதியவள்